அமெரிக்க மாநிலச் சட்டசபைகள்: அதிகாரமும் ஆற்றலும்

ஐக்கிய அமெரிக்காவின் ஆட்சி என்றதும் நம் மாணவர் உள்ளத்தில் முதலில் தோன்றுவன சனாதிபதி பதவியும் காங்கிரசுமே. ஆயின், அந்நாட்டிலே பாடசாலைகள் எவ்வாறு நடைபெறல் வேண்டும், குற்றஞ் செய்தோர் எத்துணைக் காலம் சிறையிலிருத்தல் வேண்டும், தேர்தல்கள் எம்முறையில் நிகழ்தல் வேண்டும் என்பனவற்றைப் பெரும்பாலும் தீர்மானிப்பவை ஐம்பது மாநிலங்களின் சட்டசபைகளே. சமஷ்டி அரசுக்கு வழங்கப்படாதனவும் மாநிலங்களுக்கு விலக்கப்படாதனவுமான அதிகாரங்கள் மாநிலங்களுக்கோ மக்களுக்கோ உரியன என 1791 ஆம் ஆண்டில் நிறைவேறிய பத்தாவது திருத்தம் விதித்துள்ளது.

ஏட்டில் எழுதப்பட்ட அதிகாரம் வேறு; அதனைச் செலுத்தும் ஆற்றல் வேறு. ஒரு சபை தன் கடமையைச் செவ்வனே செய்வதற்குக் காலம், பொருள், அறிவு என்னும் மூன்றும் வேண்டும். இம்மூன்றும் அமெரிக்க மாநிலச் சட்டசபைகளுக்கு எவ்வளவில் வாய்த்துள்ளன என்பதை ஈண்டு நோக்குவோம்.

முதலாவது காலம். உழவரும் வணிகரும் ஆண்டிற் சில கிழமைகள் கூடிச் சட்டமியற்றி, மீண்டும் தத்தம் தொழிலுக்குத் திரும்புதலே பழைய இலட்சியம். நியூ ஹாம்ஷயர் மாநிலத்தில் அது இன்றும் நிலைத்துள்ளது. அங்கு கீழ்ச்சபையில் மட்டும் 400 உறுப்பினர் உளர். ஏறத்தாழ 3,400 மக்களுக்கு ஒருவர். ஈராண்டுப் பதவிக் காலத்துக்கு அவர் பெறும் ஊதியம் 200 டொலர் என்பது 1889 முதல் மாறாத விதி. மக்களுக்கு அண்மையிலுள்ள சபை என இதனைப் போற்றலாம். ஆயின் அன்றாடக் கூலியால் வாழும் ஒருவர் இவ்வூதியத்தை நம்பி அங்கே அமர முடியுமா? டெக்சாஸ் மாநிலமோ மூன்று கோடிக்கு மேற்பட்ட மக்களைக் கொண்டது. அதன் சபை ஈராண்டுக்கு ஒருமுறை 140 நாள் மட்டுமே கூடுகின்றது. இடையில் இடர் நேரின் சிறப்புக் கூட்டத்தை அழைப்பவர் ஆளுநர். அக்கூட்டம் எப்பொருளைப் பற்றிச் சட்டமியற்றலாம் எனக் குறிப்பவரும் அவரே. ஆகவே சபையிடம் இல்லாத காலம் ஆளுநரின் அதிகாரமாகி விடுகின்றது.

இரண்டாவது பொருள். சமஷ்டி அரசு வரவுக்கு மேற் செலவு செய்து, குறையைக் கடனால் நிரப்பலாம். மாநிலங்களுக்கு அவ்வுரிமை இல்லை. ஏறக்குறைய எல்லா மாநிலங்களிலும் வரவு செலவுத் திட்டம் சமநிலையில் இருத்தல் வேண்டும் என்பது சட்டம். 'ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு' என்னும் நம் முதுமொழிக்கு இயைந்த நல்விதி இது. ஆயினும் 2008 ஆம் ஆண்டில் நிகழ்ந்தது போன்ற பொருளாதார வீழ்ச்சியில் இதன் கொடுமை வெளிப்படும். வேலையிழந்தோர் தொகை பெருக, வரி வருமானம் சுருங்கும். உதவி தேடுவோர் கூட்டமோ பெருகும். அவ்வேளையிற் சபையின் முன்னுள்ள வழிகள் வரியை உயர்த்துதலும் செலவைக் குறைத்தலுமே. செலவிற் பெரும்பகுதி கல்வியும் மருத்துவமுமாகும். வறியோர்க்கு மருத்துவ உதவியளிக்கும் மெடிக்கெய்ட் திட்டம் 1965 இல் தோன்றியது. அதன் செலவை இரு அரசுகளும் பகிர்ந்து கொள்கின்றன. 2025 ஜூலையில் நிறைவேறிய சமஷ்டிச் சட்டம் மெடிக்கெய்ட் நிதியைக் குறைத்ததோடு, உணவு உதவித் திட்டத்தின் செலவிலும் ஒரு பகுதியை மாநிலங்கள்மேற் சுமத்த வழிவகுத்தது. வாஷிங்டன் நகரில் இறக்கிய சுமையை மாநிலத் தலைநகரில் எவரோ தூக்க வேண்டியுள்ளது.

மூன்றாவது அறிவு. கலிபோர்னியாச் சபை 1966 ஆம் ஆண்டின் திருத்தத்துக்குப் பின் முழுநேரச் சபையாகிச் சிறந்த ஆய்வாளர்களைத் தன்பால் வைத்திருந்தது. 1990 இல் அம்மக்களே வாக்களித்து உறுப்பினரின் பதவிக் காலத்துக்கு எல்லை வகுத்தனர். சபையின் செலவையும் 38 சதவீதம் குறைத்தனர். அனுபவமிக்க ஆய்வாளர் பலர் விலக நேர்ந்தது. இன்று பதினாறு மாநிலங்களிற் பதவிக்கால எல்லை உண்டு. பழையோர் அகன்று புதியோர் வருதல் நன்றே. ஆயினும் உறுப்பினர் தம் தொழிலைக் கற்று முடிக்குமுன் வெளியேறுவதால் ஆளுநரின் செல்வாக்கு உயர்கின்றது என்பது அரசறிவியலார் பலர் கண்ட முடிவாகும். அமுக்கக் குழுக்களும் இவ்வெற்றிடத்தை நாடி வருகின்றன. 1973 இல் தோன்றிய அமெரிக்கச் சட்டவாக்கப் பரிமாற்ற மன்றத்திலே சட்டசபை உறுப்பினரும் தனியார் நிறுவனங்களும் ஒருங்கே அங்கம் வகிக்கின்றனர். அங்கு வரையப்பெறும் மாதிரி மசோதாக்கள் பல மாநிலங்களிற் சட்டமாகியுள்ளன. சபை தானே எழுதாத சட்டத்தை அதற்காக எழுதிக் கொடுப்போர் என்றும் உளர்.

மக்கள் தம் சபைகளை ஐயுறுதல் காரணமற்றதன்று. டெனசி மாநிலச் சபை 1901 இற்குப் பின் அறுபது ஆண்டுகளாகத் தொகுதிகளை மீளப் பங்கிடாது, நகர மக்களின் வாக்கின் மதிப்பைத் தேய்த்து வந்தது. 1962 இல் சமஷ்டி உயர் நீதிமன்றம் தலையிட்ட பின்னரே இவ்வழக்கங்கள் மாறத் தொடங்கின. ஆயின், தவறிழைக்கும் சபையைத் திருத்துதல் வேறு, அதனை வலுவிழக்கச் செய்தல் வேறு. வலுவிழந்த சபையின் அதிகாரம் மக்களிடம் மீள்வதில்லை. எவர் கண்ணுக்கும் புலப்படாத கைகளுக்கே செல்கின்றது.

இதற்கு மாற்று இல்லையா? உண்டு. 1901 இல் விஸ்கொன்சின் மாநிலத்திற் சட்டசபைக்கென ஓர் உசாத்துணை நூலகம் நிறுவப்பட்டது. சார்ல்ஸ் மக்கார்த்தி என்னும் அறிஞர் அதனைப் பொறுப்பேற்று, பிறவிடங்களின் சட்டங்களைத் திரட்டி, உறுப்பினர் மசோதா வரைவதற்கும் துணைபுரிந்தார். அதனை முன்மாதிரியாகக் கொண்டே 1914 இல் காங்கிரசும் தனக்கெனத் தன் நூலகத்தில் ஓர் உசாத்துணைப் பிரிவை அமைத்தது. கட்சி சாராத ஒரு சிறு நூலகம் ஓர் அரசியலமைப்புத் திருத்தத்துக்கு ஒப்பான பயனை அளித்தது எனலாம்.

ஆதலின், குடியியல் கற்கும் மாணவர் எந்தச் சபையைப் பற்றிப் படிக்கினும், அதற்கு வழங்கப்பட்ட அதிகாரங்களின் அட்டவணையை மனனஞ் செய்வதோடு அமையாது மூன்று வினாக்களை எழுப்புவாராக. அது எத்தனை நாள் கூடுகின்றது? அதன் பணம் எங்கிருந்து வருகின்றது? அதற்கு உண்மையை எடுத்துரைப்பவர் யார்? இவற்றின் விடைகளிலேதான் அச்சபை மக்களுடையதா அன்றா என்பது விளங்கும்.