இரு தொட்டிகளுக்கு இடையில் ஒரு வடிகட்டி

கிள்ளான் பள்ளத்தாக்கின் சமையலறைகளில் பாத்திரம் கழுவும் தொட்டிக்கு அடியில் பொருத்தப்படும் எதிர்ச்சவ்வூடு பரவல் வடிகட்டி, பேச்சுவழக்கில் ஆர்.ஓ. பில்டர் எனப்படுவது, இரு நீர்த்தொட்டிகளுக்கு நடுவில் நின்று இயங்குகிறது. முதலாவது, வீட்டுக் கூரைக்குக் கீழோ அடுக்குமாடியின் உச்சியிலோ இருக்கும் பொதுத் தொட்டி. இரண்டாவது, வடிகட்டியின் பக்கத்தில் சிறு குடம்போல் நிற்கும் அழுத்தத் தொட்டி. வடிகட்டி வாங்கும்போது சவ்வின் தரமும் வடிகட்டும் படிகளின் எண்ணிக்கையும் விரிவாகப் பேசப்படுகின்றன. ஆனால் குவளை எவ்வளவு விரைவில் நிரம்பும், எவ்வளவு நீர் சாக்கடைக்குப் போகும் என்பவற்றைப் பெரிதும் தீர்மானிப்பவை இவ்விரு தொட்டிகளும் அவை இணைக்கப்பட்ட முறையுமே.

உப்புக் குறைந்த நீர் ஒரு மெல்லிய சவ்வின் வழியாக உப்பு மிகுந்த நீரை நோக்கித் தானே நகர்வது சவ்வூடு பரவல். உப்பு மிகுந்த பக்கத்தில் போதிய அழுத்தம் கொடுத்தால் ஓட்டம் திசை மாறி, நீர் மட்டும் கடந்துவர, கரைந்துள்ள உப்புகளில் மிகப் பெரும்பகுதி பின்தங்கிவிடும். லாஸ் ஏஞ்சலிஸ் நகரிலுள்ள கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தில் சிட்னி லோப் என்பவரும் இந்தியாவில் பிறந்த சௌரிராஜனும் 1950களின் இறுதியில் உருவாக்கிய செல்லுலோஸ் அசிடேட் சவ்வே இம்முறையைப் பயன்பாட்டுக்கு உரியதாக்கியது. 1965இல் கோலிங்கா என்னும் கலிபோர்னியச் சிற்றூரில் அவ்வகைச் சவ்வால் குடிநீர் வழங்கும் நிலையம் இயங்கத் தொடங்கியது. இன்றைய வீட்டு வடிகட்டிகளில் இருப்பது பாலிஅமைடு சவ்வு. அதைக் குளோரின் சிதைத்துவிடும் என்பதால், குழாய்நீரிலுள்ள குளோரினை முன்கூட்டியே உறிஞ்சும் கரி வடிகட்டி அதற்கு முன்னால் வைக்கப்படுகிறது.

இச்சவ்வு நுண்மையானது, ஆகவே மெதுவானது. நாளொன்றுக்கு 75 அமெரிக்க கேலன், அதாவது ஏறத்தாழ 284 லிட்டர், என்று குறிக்கப்பட்ட சவ்வுகூட நிமிடத்துக்கு 200 மில்லிலிட்டர் அளவே தருகிறது. ஒரு லிட்டர் சேர ஐந்து நிமிடம் ஆகும். விருந்தினர் வந்த வீட்டில் தேநீருக்கு நீர் பிடிக்க எவரும் குழாயடியில் அவ்வளவு நேரம் நிற்க இயலாது. இரவு பகலாகத் துளித்துளியாய்ச் சேரும் நீரைத் தேக்கிவைத்து, குழாயைத் திறந்தவுடன் வேகமாகத் தருவதற்கே அழுத்தத் தொட்டி.

அதனுள் மின்சாரமோ பம்போ கிடையாது. உலோக உடலை ஒரு ரப்பர்த் திரை இரு அறைகளாகப் பிரிக்கிறது; ஓர் அறையில் நீர், மற்றதில் அடைத்த காற்று. நீர் சேரச் சேரக் காற்று நெருக்கப்படுகிறது. குழாய் திறந்ததும் அக்காற்றே நீரை வெளியே தள்ளுகிறது. 1662இல் ராபர்ட் பாயில் வெளியிட்ட விதி, வெப்பநிலை மாறாதபோது காற்றின் அழுத்தம் பெருகும் அளவுக்கு அதன் கன அளவு சுருங்கும் என்பது, இங்கே அப்படியே செயல்படுகிறது. உள்ளளவு 15 லிட்டர் உள்ள தொட்டியில், நீர் அறவே இல்லாத நிலையில் காற்றழுத்தம் 7 பி.எஸ்.ஐ. (சதுர அங்குலத்துக்கு 7 பவுண்டு) இருந்து, நிரம்பும்போது 40 பி.எஸ்.ஐ. எட்டினால், ஏறத்தாழ 9 லிட்டர் நீர் தங்கும். காற்றை மிகுதியாக அடைத்தால் நீர் வேகமாக வரும் என எண்ணித் தொடக்க அழுத்தத்தை 20ஆக உயர்த்தினால், அதே தொட்டியில் ஐந்தரை லிட்டர்தான் தங்கும். காற்றழுத்தத்தை டயர் அளவியாலேயே பார்க்கலாம். ஆனால் தொட்டியை முழுதும் வடித்த பிறகு பார்த்தால்தான் அந்த எண்ணுக்குப் பொருள் உண்டு.

இணைப்பின் வரிசை எளிது. சவ்விலிருந்து வரும் தூயநீர் ஒருவழி வால்வையும் தானியங்கி அடைப்பு வால்வையும் கடந்து ஒரு மும்முனை இணைப்பை அடைகிறது; அங்கிருந்து ஒரு கிளை தொட்டிக்கும், மற்றது இறுதிக் கரி வடிகட்டி வழியாகக் குடிநீர்க் குழாய்க்கும் செல்கின்றன. தொட்டியின் அழுத்தம் வரும் நீரின் அழுத்தத்தில் சுமார் மூன்றில் இரண்டு பங்கை எட்டியதும் அடைப்பு வால்வு உள்வரும் நீரை நிறுத்திவிடும். ஒருவழி வால்வு பழுதானால், தொட்டியில் சேர்ந்த நீரே சவ்வை நோக்கித் திரும்பி, அடைப்பு வால்வை மூடவிடாமல் செய்து, கழிவுக்குழாயில் ஓய்வின்றி ஓடும். சிறிய இந்த உறுப்பைத்தான் பராமரிப்பில் முதலில் சோதிக்க வேண்டும். தாதுக்கள் நீங்கிய நீர் உலோகத்தை அரிப்பதால் இவ்விணைப்புகளுக்குச் செப்புக் குழாயைத் தவிர்த்து, உணவுத்தர பிளாஸ்டிக் குழாயையே பயன்படுத்துவர். தொட்டி வாயின் மரையில் டெஃப்லான் நாடா சுற்றினால் கசிவு நிற்கும்.

இனி முதல் தொட்டி. சவ்வு ஒழுங்காக இயங்க ஏறத்தாழ 40 பி.எஸ்.ஐ. அழுத்தம் வேண்டும், பத்து மீட்டர் உயரத்து நீர் தருவதோ 14 மட்டுமே. கிள்ளானின் தாமான்களிலுள்ள இரட்டைமாடி வரிசைவீட்டில் கூரைத் தொட்டிக்கும் சமையலறைக்கும் நான்கைந்து மீட்டரே இடைவெளி என்றால், கிடைப்பது ஆறேழு பி.எஸ்.ஐ. அந்த நீரில் வடிகட்டியை இணைத்துவிட்டுச் சவ்வைக் குறைகூறுவதில் பயனில்லை. தரைவீடுகளில் சமையலறைக் குழாய் பொதுவாகத் தெருக்குழாயிலிருந்து நேராக வருவது. மீட்டர் அருகிலுள்ள வால்வை மூடியதும் அக்குழாய் உடனே நின்றால் அது நேரிணைப்பு, ஓடிக்கொண்டே இருந்தால் தொட்டி நீர். பிரிக்பீல்ட்ஸில் பழைய குடியிருப்புகளுக்கிடையே எழுந்துள்ள அடுக்குமாடிகளில் எல்லா நீரும் உச்சித் தொட்டியின் வழியே வருவதால், மேல்தளங்களில் அழுத்தம் போதாத வீட்டுக்கு ஊக்கப் பம்பு தேவைப்படலாம். அப்பம்புக்கு இரு சுவிட்சுகள் இன்றியமையாதவை: தொட்டி நிரம்பியதும் நிறுத்துவது ஒன்று, நீர் வராதபோது பம்பு வெறுமனே சுழன்று கெடாமல் நிறுத்துவது மற்றொன்று.

இரண்டாவது சுவிட்சின் அருமையை இவ்வட்டாரத்தினர் நன்கு அறிவர். 2020 செப்டம்பர் 3ஆம் நாள் சிலாங்கூர் ஆறு மாசுற்றதால் நான்கு சுத்திகரிப்பு நிலையங்கள் நிறுத்தப்பட்டன. 1,292 பகுதிகளில் ஏறத்தாழ 12 லட்சம் கணக்குகளுக்கு நீர் தடைபட்டது. அத்தகைய நாள்களில் அழுத்தத் தொட்டியில் எஞ்சிய சில லிட்டர் கைக்குழந்தையின் பால்மாவுக்கேனும் உதவும். எனினும் கவனம் தேவைப்படுவது நீர் திரும்பும் நேரத்தில்தான். வெறுமையான குழாய்களில் பாய்ந்துவரும் முதல் நீர் அடியில் படிந்த வண்டலையும் துருவையும் சேர்த்துக் கொண்டுவருவதால், வடிகட்டியின் நுழைவு வால்வை மூடிவைத்து, வாசல் குழாயில் நீர் தெளியும்வரை ஓடவிட்ட பிறகே அதைத் திறக்க வேண்டும்.

நீருக்காக வாளியோடு காத்திருந்த ஊரில், நீர் வீணாவது சிறு குறை ஆகாது. பொதுவான வீட்டு ஆர்.ஓ. கருவி ஒரு லிட்டர் தூயநீருக்கு மூன்று லிட்டர் அளவைக் கழிவாக விடுகிறது. சென்னைப் புறநகர்களின் உப்பேறிய ஆழ்குழாய்க் கிணற்று நீருக்கு அந்த விலை பொருந்தும். மழையில் நிறையும் ஆறுகளிலிருந்து வரும் இப்பள்ளத்தாக்கின் நீரில் உப்பு குறைவு, வண்டலும் குளோரின் வாடையுமே மிகுதியான வீடுகளின் குறை என்பதால், அவற்றுக்குப் படிவு வடிகட்டியும் கரி வடிகட்டியும் போதுமா என்பதை முதலில் எண்ணிப் பார்ப்பது நல்லது. ஆர்.ஓ.வையே தேர்ந்தெடுத்த வீட்டில், கழிவுநீரை ஒரு வாளியில் பிடித்துத் தரை துடைக்கவும் செடிகளுக்கு ஊற்றவும் தயங்க வேண்டியதில்லை.

தொட்டியில் தேங்குவது குளோரின் நீக்கப்பட்ட நீர். நுண்ணுயிர் வளர்ச்சியைத் தடுக்க அதில் எதுவும் மிஞ்சுவதில்லை, மலேசிய வெப்பமோ அவ்வளர்ச்சிக்கு உகந்தது. ஆகவே புதிய தொட்டியின் முதல் இரு நிரப்புகளைக் கொட்டிவிடுவதும், ஆண்டுக்கு ஒருமுறை சவ்வையும் கரி வடிகட்டிகளையும் கழற்றி வைத்துவிட்டுத் தொட்டியையும் குழாய்களையும் மணமற்ற வெளுப்பியை நீரில் கலந்து கழுவி, வாடை நீங்கும்வரை அலசுவதும் வழக்கமாக வேண்டும். தீபாவளி விடுமுறைக்கு ஈப்போவுக்கோ பினாங்குக்கோ சென்று சில நாள்களுக்குப் பின் திரும்பும் குடும்பம், தேநீருக்கு நீர் பிடிக்குமுன் தொட்டியை முழுதும் வடித்துவிட்டு மீண்டும் நிரம்ப இரண்டு மூன்று மணிநேரம் விடுவது நல்லது.