கேமரா இருக்கட்டும்... ஸ்பீடு லிமிட் போர்டு எங்கே?

'உங்கள் வாகனம் அதிவேகமாகச் சென்றது' என்று மொபைலுக்கு இ-சலான் மெசேஜ் வந்தால், முதலில் வருவது கோபம்தான். "எல்லாம் வசூலுக்குத்தான்" என்பது ஒரு தரப்பு. "போன உயிர் திரும்பி வருமா?" என்பது இன்னொரு தரப்பு. இரண்டிலும் நியாயம் இருக்கிறது.

மாட்டுத்தாவணியைத் தாண்டி மேலூர் சாலையில் போனால், யானைமலை அடிவாரத்தில் ஒத்தக்கடை. திருச்சி பஸ்களும் லாரிகளும் விரையும் வழி இது. வேளாண் கல்லூரியும் உயர் நீதிமன்றக் கிளையும் இந்தப் பக்கம்தான். ஸ்டீயரிங் பிடித்தவருக்கு இது ஹைவே. பையோடு ரோட்டைக் கடக்கும் பாட்டிக்கு இது அவர் ஊர்த் தெரு. எந்த வேகம் நியாயம் என்ற கேள்வி இங்கேதான் தொடங்குகிறது.

சென்னை சொன்ன பாடம்

2018-ல் மத்திய அரசு, நடுத்தடுப்பு உள்ள நான்குவழிச் சாலைகளில் கார்களுக்கு 100 கி.மீ. வரை அனுமதித்தது. 2021-ல் சென்னை உயர் நீதிமன்றம் அந்த அறிவிப்பை ரத்து செய்தது. சாலையும் இன்ஜினும் மேம்பட்டாலும், விதிகளை மதிக்கும் பழக்கம் மேம்படவில்லை என்பது நீதிமன்றத்தின் கவலை.

2023 ஜூனில் சென்னையில் வேகக் கேமராக்களுடன், பகலில் 40 கி.மீ. என்ற வரம்பு வந்தபோது வாகன ஓட்டிகள் கொதித்தார்கள். ஆய்வுக்குப் பிறகு நவம்பரில் வரம்பு மாறியது. கார்களுக்கு 60, பைக்குகளுக்கு 50, ஆட்டோக்களுக்கு 40, குடியிருப்புப் பகுதிகளில் எல்லோருக்கும் 30. கேமரா அப்படியே இருந்தது, எண்தான் திருத்தப்பட்டது. மக்கள் கோபம் கேமரா மீதல்ல, பொருந்தாத வரம்பு மீதுதான் என்பதற்கு இதுவே சாட்சி.

ஒரு நொடிக் கணக்கு

அதற்காக வேகம் சாதாரண விஷயமல்ல. 60 கி.மீ. வேகத்தில் போகும் கார் ஒரு நொடியில் சுமார் 17 மீட்டர் ஓடும். 100-ல் 28 மீட்டர். குறுக்கே ஒருவர் வருவதைப் பார்த்து, கால் பிரேக்குக்குப் போவதற்குள் தாண்டிவிடும் தூரம் இது. இதில் மிச்சமாகும் நேரம்? 10 கி.மீ. பயணத்தில் 4 நிமிடம்! 2022-ல் இந்தியச் சாலைகளில் 1,68,491 பேர் இறந்தார்கள். அதில் 71 சதவிகிதம் அதிவேகத்தால்.

உங்கள் உரிமை என்ன?

2021-ல் வந்த மோட்டார் வாகன விதி 167ஏ, அரசுக்கும் கட்டுப்பாடு விதிக்கிறது.

* கேமரா கண்காணிக்கும் பகுதிக்கு முன்பே எச்சரிக்கைப் பலகை இருக்க வேண்டும்.
* கருவிக்கு ஒப்புதல் சான்று வேண்டும், அதை ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டும்.
* நம்பர் பிளேட் தெரியும் படம், கருவி காட்டிய அளவு, தேதி, நேரம், இடம் எல்லாம் இருக்க வேண்டும்.
* 15 நாள்களுக்குள் நோட்டீஸ் வர வேண்டும்.

கார் ஓட்டுபவருக்குச் சட்டப்படி அபராதம் 1,000 முதல் 2,000 ரூபாய். கட்டும் முன் படத்தையும் இடத்தையும் சரிபாருங்கள்.

ஊருக்குள் நுழையும் இடத்தில் வேக வரம்புப் பலகை இல்லையா, மரக்கிளை மறைக்கிறதா? ஒரு போட்டோ எடுத்து, திங்கள்கிழமை கலெக்டர் அலுவலகக் குறைதீர் கூட்டத்தில் மனுவாகக் கொடுங்கள். கண்ணில் படும் பலகை இருந்தால்தான் கேமராவின் அபராதம் நியாயம். பலகை இருந்தும் மீறினால், "வசூல்" என்று சொல்ல நமக்கு வாயில்லை!