வேலியைக் கரைக்கும் நொதிகள்

உங்கள் இரு காதுத் துளைகளுக்கும் சற்று முன்னே, சற்று மேலே, மண்டையோட்டின் நட்டநடுவில் பட்டாணி அளவில் ஒரு சுரப்பி இருக்கிறது. எடை ஏறத்தாழ அரை கிராம். அதுதான் பிட்யூட்டரி என்னும் கபச் சுரப்பி. அது அமர்ந்திருக்கும் எலும்புக் குழி குதிரைச் சேணம்போல வளைந்திருப்பதால், பழைய உடற்கூற்று அறிஞர்கள் அதற்குத் 'துருக்கியர் சேணம்' என்றே பெயர் வைத்துவிட்டனர். நீங்கள் எவ்வளவு உயரம் வளர வேண்டும், தைராய்டு எவ்வளவு சுரக்க வேண்டும் என்பவற்றுக்கெல்லாம் ஆணை பிறப்பது இங்கேதான்.

ஆனால் இருப்பிடமோ நெருக்கடியானது. தலைக்கு மேலே இரு கண்களின் பார்வை நரம்புகளும் குறுக்காகச் சந்திக்கின்றன. இடமும் வலமும் குகைபோன்ற இரு இரத்தக் குழிகள். அவற்றினுள்ளே மூளைக்கு இரத்தம் கொண்டுசெல்லும் பெரிய தமனியும், கண்விழியை அசைக்கும் நரம்புகளும் செல்கின்றன. சுரப்பிக்கும் இக்குழிகளுக்கும் இடையே இருப்பது ஒரு மெல்லிய சவ்வு. அதுதான் வேலி.

இச்சுரப்பியில் சிலருக்குக் கட்டி உண்டாகிறது. 'கட்டி' என்றதும் புற்றுநோய் என்று அஞ்ச வேண்டாம். பெரும்பாலானவை புற்று அல்ல. உடலின் வேறு உறுப்புகளுக்குப் பரவுவது மிக மிக அரிது. மெதுவாக வளரும்; அக்கம்பக்கத்தை நெருக்கும். மேல்நோக்கி வளர்ந்தால் பார்வை நரம்புகள் சந்திக்கும் இடம் அழுந்தும். அப்போது நேரே இருப்பது தெரியும்; பக்கவாட்டில் வரும் சைக்கிள் தெரியாது! மூக்கின் வழியாகவே கருவியைச் செலுத்தி மருத்துவர்கள் இக்கட்டியை எடுத்துவிடுகின்றனர். பலருக்குப் பார்வை திரும்பிவிடுகிறது.

சில கட்டிகள் மட்டும் இவ்வாறு அடங்குவதில்லை. பக்கத்து வேலியைத் துளைத்துக்கொண்டு இரத்தக் குழிக்குள் நுழைந்து தமனியைச் சுற்றிக்கொள்கின்றன. அங்கே கத்தி வைப்பது எவ்வளவு ஆபத்து என்பதைச் சொல்லத் தேவையில்லை. முழுவதையும் எடுக்க முடியாமல் போவதால் மிச்சம் மீண்டும் வளர்கிறது.

வளர்ந்து வளர்ந்து அழுத்தத்தால் வேலி கிழிந்திருக்கும் என்று நீங்கள் நினைக்கலாம். அழுத்தம் மட்டுமே காரணமானால் பெரிய கட்டிகள் எல்லாம் வேலியைத் தாண்ட வேண்டும், சிறியவை எல்லாம் உள்ளேயே இருக்க வேண்டும். அப்படி இல்லையே! மிகப் பெரிதாகியும் வேலிக்குள் அடங்கியவை உண்டு. சிறிதாக இருக்கும்போதே தாண்டியவையும் உண்டு. வேறு ஏதோ ஓர் ஆயுதம் இருக்க வேண்டும்.

வேலி எதனால் ஆனது என்று முதலில் பார்ப்போம். நம் தோல், தசைநாண், சவ்வு ஆகிய எல்லாவற்றுக்கும் உறுதி தருவது கொல்லாஜன் என்னும் புரதம். மூன்று இழைகளை முறுக்கித் திரித்த கயிறு போன்றது அது. சாதாரணமான செரிமான நொதிகளுக்கு எளிதில் மசியாது. அப்படியானால் தவளைக் குஞ்சான தலைப்பிரட்டை வளரும்போது அதன் வால் எப்படி மறைகிறது? வாலிலும் கொல்லாஜன்தானே இருக்கிறது?

இக்கேள்விக்கு 1962-இல் ஜெரோம் கிராஸ், சார்லஸ் லாப்பியேர் என்ற இருவர் விடை கண்டனர். செய்த சோதனை மிக எளியது. எனக்கு மிகவும் பிடித்ததும்கூட. கொல்லாஜனைக் கூழாக உறையவைத்து, அதன்மேல் தலைப்பிரட்டை வாலின் உயிருள்ள துண்டுகளை வைத்தனர். துண்டுகளைச் சுற்றிலும் கூழ் கரைந்து தெளிந்தது. வாலின் செல்களே கொல்லாஜனை வெட்டும் நொதியைச் சுரந்திருந்தன!

இத்தகைய நொதிகள் மனித உடலில் இருபதுக்கும் மேற்பட்டவை இருப்பது பின்னர் தெரியவந்தது. 'மாட்ரிக்ஸ் மெட்டல்லோபுரோட்டீனேஸ்' என்பது குடும்பப் பெயர். வாயில் நுழையாது, சுருக்கமாக எம்.எம்.பி. என்பர். வெட்டும் இடத்தில் துத்தநாக அணு ஒன்று இருப்பதால்தான் பெயரில் 'மெட்டல்' வந்தது. எம்.எம்.பி.-1 கொல்லாஜன் கயிற்றை ஒரே இடத்தில், முக்கால் பங்கும் கால் பங்குமாக வெட்டும். வெட்டுப்பட்ட துண்டுகள் உடலின் வெப்பத்தில் முறுக்கு அவிழ்ந்து ஜெலட்டின் ஆகிவிடும். ஆட்டுக்கால் சூப் ஆறினால் கூழாக உறைகிறதே, அதுவும் ஜெலட்டின்தான். பிறகு எம்.எம்.பி.-9 போன்றவை வந்து அதைச் சிறு துணுக்குகளாக்கும். சவ்வுகளின் அடித்தளத்தில் வலைபோல் பின்னியிருக்கும் நான்காம் வகைக் கொல்லாஜனையும் எம்.எம்.பி.-9 அறுக்கும்.

இவ்வளவு கூர்மையான கத்தி நம் உடலைத் தின்னாமல் விடுவது எப்படி? இந்நொதி செல்லிலிருந்து வெளிவரும்போது உறையிலிட்ட அரிவாளாகவே வருகிறது. அதன் ஒரு பகுதி துத்தநாகத்தை மூடிக்கொண்டிருக்கும். அந்தப் பகுதி வெட்டி நீக்கப்பட்டால்தான் வேலை தொடங்கும். அதற்கு மேலும் ஒரு காவல் உண்டு: 'டிம்ப்' என்ற தடுப்புப் புரதங்கள். ஒரு டிம்ப் ஒரு நொதியைப் பற்றிக்கொண்டு செயலற்றதாக்கிவிடும். காயம் ஆறும்போதும், எலும்பு வளரும்போதும் நொதியும் தடுப்பும் தராசின் இரு தட்டுகள்போல நிற்கின்றன.

1990-களிலிருந்து, அறுவையில் எடுத்த பிட்யூட்டரிக் கட்டிகளை இந்த நோக்கில் ஆராயத் தொடங்கினர். வேலியைத் தாண்டிய கட்டிகள் பலவற்றில் எம்.எம்.பி.-9 மிகுந்திருந்தது. எல்லா ஆய்வுகளும் ஒரே குரலில் பேசவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஆயினும் தராசு நொதியின் பக்கம் சாய்ந்தால் வேலி கரைகிறது என்பதே பொதுவான கருத்து. இதில் இன்னொரு விபரீதமும் இருக்கிறது. கொல்லாஜன் வலையில் வளர்ச்சிக் காரணிகள் என்னும் புரதங்கள் சிக்கிக் கிடக்கின்றன. வலை அறுந்ததும் அவை விடுதலையாகிக் கட்டிக்கே உரமாகலாம்.

அப்படியானால் நொதியைத் தடுக்கும் மருந்து கொடுத்துவிட்டால் ஆயிற்று அல்லவா? வேறு உறுப்புகளில் வரும் புற்றுநோய்களுக்கு 1990-களில் இதைச் செய்து பார்த்தனர். மாரிமாஸ்டாட் என்பது அம்மருந்துகளில் ஒன்று. பெரிதும் எதிர்பார்த்த அளவுக்குப் பலன் கிட்டவில்லை. மாறாக நோயாளிகளுக்கு மூட்டுவலி வந்தது. நல்ல வேலை செய்யும் நொதிகளையும் சேர்த்துக் கட்டிப்போட்டதே காரணமாக இருக்கலாம் என்கின்றனர். ஒரு நொதியை மட்டும் தேர்ந்து பிடிக்கும் மருந்தைச் செய்வது, ஒரே அச்சில் வார்த்த இருபது பூட்டுகளில் ஒன்றை மட்டும் திறக்கும் சாவியைச் செய்வது போன்றது.

ஆகவே பிட்யூட்டரிக் கட்டிக்கு இன்றும் நொதித் தடுப்பு மருந்து கொடுப்பதில்லை. கட்டி தமனியைத் தாண்டி எவ்வளவு தூரம் போயிருக்கிறது என்று காந்தப் படத்தில் அளந்து, எடுக்க முடிந்ததை எடுக்கிறார்கள். மிச்சத்துக்குக் கதிர்வீச்சு உண்டு. புரோலாக்டின் சுரக்கும் வகைக் கட்டியாக இருந்தால் பெரும்பாலும் கத்தியே வேண்டாம். மாத்திரைகளே அதைச் சுருங்கச் செய்துவிடுகின்றன.