கருவி சரி, வரைபடம் சரியா?

வனப் பணியாளர்களும் மலையேறுவோரும் கள ஆய்வாளர்களும் கையில் எடுத்துச் செல்லும் ஜி.பி.எஸ். கருவி, செயற்கைக்கோள்கள் அனுப்பும் நேரக் குறிப்புகளைக் கொண்டு தான் இருக்கும் இடத்தின் அட்சரேகையையும் தீர்க்கரேகையையும் கணிக்கிறது. ஆனால் அந்த இரண்டு எண்கள் ஓடையின் இக்கரையைக் குறிக்கின்றனவா அக்கரையைக் குறிக்கின்றனவா என்பதைக் கருவியில் ஏற்றிய வரைபடம்தான் சொல்ல முடியும். 2000ஆம் ஆண்டு மே மாதத் தொடக்கம் வரை அமெரிக்க அரசு பொதுமக்களுக்கான சமிக்ஞையில் வேண்டுமென்றே பிழையைக் கலந்து அனுப்பியதால், கருவி காட்டும் இடம் 100 மீட்டர் வரை தள்ளிப்போகக்கூடியதாக இருந்தது. அந்த ஏற்பாடு கைவிடப்பட்டபின் திறந்த வெளியில் பிழை சில மீட்டராகச் சுருங்கிவிட்டது. எனவே பல இடங்களில் இன்று கருவியின் பிழையைவிட வரைபடத்தின் பிழையே பெரிது. மென்பொருளைத் தேர்வு செய்பவர் திரையின் அழகைப் பார்ப்பதற்கு முன் எந்த வரைபடத்தை நம்புவது என்பதை முடிவு செய்ய வேண்டியிருப்பது இதனால்தான்.

முதலில் கவனிக்க வேண்டியது கருவி எதை ஏற்கும் என்பதாகும். ஒரே வரிசையில் வந்த கார்மின் ஈட்ரெக்ஸ் கருவிகளில், ஈட்ரெக்ஸ் 10 விரிவான வரைபடங்களை ஏற்காது. ஈட்ரெக்ஸ் 20 நினைவக அட்டை வழியாக ஏற்கும். ஏற்கும் கருவிகளிலும் வரைபடம் இருவகைப்படும். தாள் வரைபடத்தை ஸ்கேன் செய்ததுபோல் புள்ளிகளால் ஆன படமாக இருப்பது ராஸ்டர். சாலை, ஆறு, எல்லை ஆகியவற்றை ஆயத்தொலைகளாகச் சேமித்து, பெயரைத் தேடவும் வழி கணிக்கவும் இடம் தருவது வெக்டர். ராஸ்டர் படத்துக்கு அளவு வரம்பு உண்டு: கார்மின் கையடக்கக் கருவிகள் பலவும் ஏறத்தாழ ஒரு மெகாபிக்சல் அளவுள்ள துண்டுகளை நூறு வரையே ஏற்கின்றன. ஒரு புள்ளி தரையில் 2 மீட்டரைக் குறிப்பதாக வைத்துக்கொண்டால், அது சுமார் 400 சதுர கிலோமீட்டர் பரப்புக்கே போதும். ஒரு மலைத்தொடர் முழுவதற்கும் போதாது.

இரண்டாவது, டேட்டம். உருண்டையான பூமியில் ஆயத்தொலைகளை எங்கிருந்து, எந்த வடிவத்தை அடிப்படையாகக் கொண்டு அளப்பது என்ற ஏற்பாட்டுக்கே இப்பெயர். ஜி.பி.எஸ். பயன்படுத்துவது டபிள்யூ.ஜி.எஸ். 84. இந்திய நில அளவைத் துறையின் பழைய தாள்களோ, 1802இல் பரங்கிமலை அருகே வில்லியம் லாம்ப்டன் அளந்த அடிக்கோட்டிலிருந்து வளர்ந்த பெரும் முக்கோண அளவையின் வழியில், ஜார்ஜ் எவரெஸ்ட் 1830இல் கணித்த வடிவத்தைச் சார்ந்தவை. பழைய தாளை மாற்றமின்றி மென்பொருளில் ஏற்றினால், தமிழ்நாட்டில் இருப்பிடம் 100 மீட்டருக்கு மேல் விலகித் தெரியும். 2005ஆம் ஆண்டின் தேசிய வரைபடக் கொள்கைக்குப் பின் வந்த திறந்த வரிசைத் தாள்கள் டபிள்யூ.ஜி.எஸ். 84இல் அமைந்தவை என்பதால் அவற்றில் இச்சிக்கல் இல்லை. டேட்டத்தைத் தேர்ந்தெடுக்கும் வசதி இல்லாத மென்பொருள் பழைய தாள்களுடன் வேலை செய்வோருக்குப் பயன்படாது.

எண்ணை எழுதும் முறையும் இதே அளவு கவனம் கோருகிறது. 11 பாகை 24.50 நிமிடம் என்பதை 11 பாகை 24 நிமிடம் 50 வினாடி என்று உள்ளிட்டுவிட்டால், உண்மையில் அது 24 நிமிடம் 30 வினாடி என்பதால், இடம் வடக்கே சுமார் 600 மீட்டர் நகர்ந்துவிடும்.

மூன்றாவது, வரைபடத்தின் மூலம். 2004இல் பிரிட்டனில் தொடங்கப்பட்ட ஓபன்ஸ்ட்ரீட்மேப், தன்னார்வலர்கள் நடந்து பதிந்த தடங்களையும் செயற்கைக்கோள் படங்களையும் கொண்டு வரையப்படுகிறது, எம்.கே.ஜி.மேப் என்ற இலவச மென்பொருள் அதைக் கார்மின் கருவி படிக்கும் கோப்பாக மாற்றித் தருகிறது. ஊர்களிலும் பெயர்பெற்ற மலைப்பாதைகளிலும் அது செறிவாக இருந்தாலும், மரக்கூரையின் அடியில் மறையும் ஒற்றையடிப் பாதைகள் வானிலிருந்து தெரிவதில்லை என்பதால், யாரும் நடந்து பதியாத காட்டில் வெற்றிடமே மிஞ்சும். இத்தகைய இலவச வரைபடங்கள் பலவற்றில் உள்ள சமவுயரக் கோடுகள், 2000 பிப்ரவரியில் எண்டெவர் விண்ணோடம் ரேடார் கொண்டு அளந்த உயரத் தரவிலிருந்து பெறப்பட்டவை. சுமார் 30 மீட்டருக்கு ஓர் உயரம் என்ற அத்தரவில் ஒரு செங்குத்துப் பாறை வெறும் சரிவாகத் தோன்றலாம். அடர்காட்டில் ரேடார் அலை மரங்களின் மேற்பகுதியிலிருந்தே பெரிதும் திரும்பியிருப்பதால் தரையின் உயரம் கூடுதலாகவும் பதிவாகியிருக்கலாம்.

இவற்றைத் தீர்மானித்தபின் மென்பொருளைத் தேர்வது எளிது. கார்மின் நிறுவனத்தின் பேஸ்கேம்ப் விண்டோஸ், மேக் கணினிகளில் இலவசமாக இயங்கி அந்நிறுவனக் கருவிகளுடன் நேரடியாக இணையும். கியூமேப்‌ஷாக் லினக்ஸிலும் இயங்குவதோடு, ராஸ்டர், வெக்டர் இரண்டையும் காட்டும். விலைக்கு வாங்கும் வரைபடங்கள் பல ஒரு கருவியோடோ ஒரு அட்டையோடோ பூட்டப்பட்டிருப்பதால், கருவியை மாற்றும்போது அவையும் வருமா என்று முன்பே கேட்டறிவது நல்லது. நடந்த தடங்களும் குறித்த இடங்களும் ஜி.பி.எக்ஸ். என்ற கோப்பாக வெளிவர வேண்டும் என்பது விட்டுக்கொடுக்கக் கூடாத நிபந்தனை. 2002இல் வெளியான அந்த வடிவத்தை ஏறக்குறைய எல்லா மென்பொருள்களும் படிப்பதால், பல ஆண்டு களப்பணியின் பதிவுகள் ஒரு நிறுவனத்தின் பிடியில் சிக்காமல் இருக்கும்.

முடிவெடுக்கும் முன் செலவில்லாத சோதனை ஒன்று உண்டு. வரைபடத்தைக் கருவியில் ஏற்றி, அதில் தெளிவாகக் குறிக்கப்பட்ட பாலத்திலோ நாற்சந்தியிலோ நின்று, திரையில் இருப்பிடக் குறி எங்கே விழுகிறது என்று பார்க்கலாம். சில மீட்டர் விலகல் இயல்பு. பல இடங்களில் சோதித்தும் குறி ஒரே திசையில், ஒரே தொலைவு விலகியிருந்தால் டேட்டத்தைத் திருத்தினால் போதும். விலகல் இடத்துக்கு இடம் மாறினால் கோளாறு வரைபடத்திலேயே இருக்கிறது என்று கொண்டு, வேறொன்றைத் தேட வேண்டும்.