லோசெவ் கைவிடாத வெளிச்சம்

டீயைக் கையில் எடுத்துக்கொள்ளுங்கள். கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டிய கதை இது.

எல்.இ.டி. விளக்கைக் கண்டுபிடித்தவர் யார் என்று கேட்டால், விஷயம் தெரிந்தவர்கள் நிக் ஹோலோன்யாக் என்பார்கள். 1962இல் அமெரிக்காவின் ஜெனரல் எலக்ட்ரிக் நிறுவனத்தில் சிவப்பு ஒளி தரும் டயோடைச் செய்து காட்டியவர் அவர். இன்னும் சிலர், நீல எல்.இ.டி.க்காக 2014இல் நோபல் பரிசு பெற்ற அகாசாகி, அமானோ, நகமுரா ஆகிய மூவரைச் சொல்வார்கள். இரண்டு பதிலிலும் தவறில்லை. ஆனால் இவர்களுக்கெல்லாம் பல ஆண்டுகள் முன்பே, பல்கலைக்கழகப் பட்டம் இல்லாத ஒரு ரஷ்ய இளைஞர், ஒரு கல்லில் தெரிந்த மங்கலான ஒளிப்புள்ளியை விடாமல் துரத்தினார். அது என்ன ஒளி, எங்கிருந்து வருகிறது, எதற்குப் பயன்படும் என்று ஏறக்குறைய சரியாகவே சொன்னார். அவர் பெயர் ஓலெக் லோசெவ்.

அவர் செய்தது எவ்வளவு பெரிய காரியம் என்று புரிய, பழைய குண்டு பல்பிலிருந்து தொடங்க வேண்டும். அதில் டங்ஸ்டன் இழை இரண்டாயிரம் டிகிரிக்கும் மேல் சூடேறி ஒளிர்கிறது. கொடுத்த மின்சாரத்தில் பெரும்பங்கு வெப்பமாகப் போய்விடும். வெளிச்சம் அந்தச் சூட்டோடு கூட வருவது, அவ்வளவுதான். மண்ணெண்ணெய் விளக்கும் மெழுகுவர்த்தியும் இதே வகைதான். மனிதன் தானே உண்டாக்கிய வெளிச்சத்தில் பெரும்பாலானது எதையாவது சூடாக்கிப் பெற்றதே. சூடாக்காமலே ஒரு திடப்பொருள் மின்சாரத்தை நேரடியாக ஒளியாக மாற்றும் என்றால், அன்றைக்கு அது கேள்விப்படாத விஷயம்.

இனி 1920களின் வானொலிக்கு வருவோம், நம் கதையின் கல் அங்கேதான் இருக்கிறது. ரேடியோ வால்வுகள் விலை அதிகம், மின்சாரத்தையும் நிறையத் தின்னும். அதனால் பலர் ஒரு கனிமத் துண்டின் மேல் மெல்லிய உலோகக் கம்பியின் முனையை வைத்து, அதன் வழியாக அலைகளைப் பிடித்து, ஹெட்போனைக் காதில் மாட்டிக் கேட்டார்கள். அப்படிப் பயன்பட்ட கனிமங்களில் ஒன்று கார்போரண்டம், அதாவது சிலிக்கன் கார்பைடு. நம் தச்சர்களும் பெயின்ட் அடிப்பவர்களும் தேய்க்கும் உப்புத்தாளில், சாணைக்கல்லில் இருக்கிறதே, அதே பொருள்.

இந்தக் கல் ஒளிர்வதை முதலில் கண்டவர் லோசெவ் அல்ல. மார்கோனி நிறுவனத்தில் வேலை பார்த்த ஹென்றி ரவுண்ட் 1907இலேயே கண்டார். பத்து வோல்ட் கொடுத்தபோது சில கார்போரண்டம் துண்டுகளில் மஞ்சள் ஒளி தெரிந்தது என்று ஒரு பத்திரிகைக்குச் சிறு குறிப்பாக எழுதினார். அதோடு அவர் வேறு வேலைகளுக்குப் போய்விட்டார். அவரைக் குறை சொல்ல முடியாது, அவருக்கு ஆயிரம் வேலை. ஆனால் அந்தக் குறிப்பு யாரையும் எழுப்பவில்லை.

லோசெவ் 1903இல் த்வேர் நகரில் பிறந்தவர். பள்ளிப் பருவத்திலேயே வானொலி மீது பித்து. நிஷ்னி நோவ்கரோத் வானொலி ஆய்வுக்கூடத்தில் மிகக் கீழ்நிலை ஊழியராகச் சேர்ந்தார். 1922இல், பதினெட்டு வயதில், சிங்கைட் என்ற துத்தநாகக் கனிமத்தில் கம்பிமுனையை வைத்துச் சரியான மின்னழுத்தம் கொடுத்தால், அது வால்வு இல்லாமலே அலைகளை உண்டாக்கும், பெருக்கும் என்று கண்டுபிடித்தார். டிரான்சிஸ்டர் வருவதற்கு இருபத்தைந்து ஆண்டுகள் முன்பு! 1924இல் அமெரிக்காவின் ‘ரேடியோ நியூஸ்’ இதழ் இதைப் பெரிதாகக் கொண்டாடியது. அந்தப் புகழோடு அவர் நின்றிருக்கலாம். நிற்கவில்லை.

கார்போரண்டத்தைச் சோதித்துக்கொண்டிருந்தபோது, 1923 வாக்கில், கம்பி தொடும் இடத்தில் அவர் கண்ணில் அந்த ஒளிப்புள்ளி பட்டது. எனக்கு லோசெவ் மீது மரியாதை பிறப்பது இதற்குப் பிறகு அவர் செய்த காரியங்களால்தான்.

முதல் கேள்வி: இது சூட்டினால் வரும் ஒளியா? எளிதில் ஆவியாகும் திரவத்தில் ஒரு துளியை ஒளிரும் இடத்தில் வைத்தார். கல் சூடாகி ஒளிர்ந்தால் துளி சட்டென்று மறைய வேண்டும். துளி வழக்கமான வேகத்தில்தான் ஆவியானது. ஆகவே இது குளிர்ந்த ஒளி. பெரிய கருவி ஏதும் இல்லை, ஒரு துளியும் கூர்ந்த கண்ணும்தான். சோதனை என்றால் இப்படி இருக்க வேண்டும்.

அடுத்து, மின்சாரத்தை எந்தத் திசையில் செலுத்தினால் எப்படி ஒளிர்கிறது என்று பார்த்தார். இரண்டு திசைக்கும் இரண்டு வகை ஒளிர்வு இருப்பதைப் பிரித்துக் காட்டினார். அவற்றில் ஒன்றுதான் இன்றைய எல்.இ.டி. வேலை செய்யும் முறை. கல் முழுவதும் ஒளிரவில்லை, மேற்பரப்பை ஒட்டிய மெல்லிய அடுக்கில்தான் ஒளி பிறக்கிறது என்றும் கண்டார். பிற்காலத்தில் பி-என் சந்திப்பு என்று அழைக்கப்பட்ட இடத்தை, அந்தக் கோட்பாடு பிறக்கும் முன்பே அவர் தடவிப் பார்த்துவிட்டார். ஐன்ஸ்டைனின் ஒளிமின் விளைவில் ஒளி விழுந்து எலக்ட்ரான் வெளியேறுகிறது. இங்கே அதுவே தலைகீழாக நடக்கிறது, எலக்ட்ரான் தன் ஆற்றலை ஒளியாகக் கொடுக்கிறது என்று விளக்கினார். ரஷ்ய, ஜெர்மன், ஆங்கில இதழ்களில் தொடர்ந்து எழுதினார். லண்டனின் ‘ஃபிலசாஃபிக்கல் மேகசின்’ 1928இல் அவர் கட்டுரையை வெளியிட்டது.

அந்த ஒளியை மிக விரைவாக அணைத்து ஏற்றலாம் என்பதும் அவருக்குப் புரிந்தது. சூடேறி ஆற வேண்டிய இழை அங்கே இல்லையே! 1927இல் ‘ஒளி ரிலே’ என்ற பெயரில் காப்புரிமை கேட்டார். தந்தி, தொலைபேசிச் செய்திகளை ஒளி வழியாக அனுப்பலாம் என்பது யோசனை. இன்று உங்கள் தெருவுக்கு இணையம் கொண்டுவரும் ஃபைபர் கேபிளின் அடிப்படை எண்ணமும் அதுதான்.

அப்படியானால் அன்றே ஏன் வீட்டு விளக்கு வரவில்லை? குற்றம் கல்லின் மேல். கார்போரண்டம் போன்ற குறைகடத்தியில் எலக்ட்ரான் மேல்நிலையிலிருந்து கீழ்நிலைக்கு இறங்கும்போது ஆற்றலை ஒளியாக விடும். சில பொருள்களில் அது நேராக இறங்கிவிடலாம். சிலிக்கன் கார்பைடில் அப்படியில்லை. இறங்கும்போது உந்தத்தையும் மாற்றிக்கொள்ள வேண்டும். ஓடும் பேருந்திலிருந்து இறங்குபவர் தரையில் நாலு எட்டு ஓடி வேகத்தைக் கழிக்க வேண்டியிருப்பதைப் போல. ஒளியால் ஆற்றலைத்தான் எடுத்துச்செல்ல முடியும், உந்தத்தை ஏறக்குறைய எடுத்துச்செல்லவே முடியாது. படிகத்தின் அணுக்களின் அதிர்வு அதே கணத்தில் கைகொடுத்தால்தான் ஒளி பிறக்கும். அது அரிதாகவே நடக்கிறது. ஆகவே வெளிச்சம் மங்கல். நேராக இறங்க விடும் காலியம் நைட்ரைடில் நல்ல படிகம் வளர்த்துப் பிரகாசமான நீல ஒளியைப் பெற உலகத்துக்கு 1990கள் வரை பிடித்தது. நீல எல்.இ.டி.யின் மேல் மஞ்சள் ஒளி தரும் பாஸ்பர் பூசியதும் வெள்ளை விளக்கு வந்தது.

லோசெவின் பிற்கால வாழ்க்கையைச் சுருக்கமாகவே சொல்லிவிடுகிறேன். 1928இல் நிஷ்னி ஆய்வுக்கூடம் கலைக்கப்பட்டதால் லெனின்கிராடுக்குப் போனார். அங்கும் நல்ல பதவி கிடைக்கவில்லை. 1938இல்தான், ஆய்வேடு கேட்காமலே, வெளியான கட்டுரைகளை வைத்து முனைவருக்கு நிகரான பட்டம் கொடுத்தார்கள். அப்போதும் அவர் ஒரு மருத்துவக் கல்லூரியின் இயற்பியல் துறையில்தான் பணியாற்றினார். ஜெர்மானியப் படை நகரை முற்றுகையிட்டபோது, 1942 ஜனவரியில், பசியால் இறந்தார். வயது முப்பத்தெட்டு.

மற்றவர்களின் உழைப்பை இது குறைக்காது. நாம் எரிக்கும் விளக்கை அவர் செய்யவில்லை. ஹோலோன்யாக்கும் ஜப்பானிய அறிஞர்களும் தனித்தனி மலைகளை ஏறியவர்கள். ஆனால் ஒளிர்ந்த கல்லைப் பார்த்தவர்களில், பார்த்ததோடு விடாமல் அதன் காரணத்தையும் பயனையும் தேடி ஆண்டுக்கணக்கில் உட்கார்ந்த முதல் மனிதர் லோசெவ். 2014 நோபல் பரிசுக்கான அறிவியல் பின்னணிக் குறிப்பிலும் ரவுண்டை அடுத்து அவர் பெயர் இருக்கிறது. பள்ளியில் இயற்பியல் சொல்லிக்கொடுப்பவராக நீங்கள் இருந்தால் ஒரு வேண்டுகோள்: எல்.இ.டி. பாடத்தை 1962இல் தொடங்காதீர்கள். ரவுண்டின் 1907, லோசெவின் 1927 இரண்டையும் கரும்பலகையில் எழுதிவிட்டுத் தொடங்குங்கள்.