மீள்வதற்கென்று ஒரு கடற்பயணம்

மலையில் வாழ்பவன் தீவுகளைச் சுற்றிவரப் படகு தேடுகிறான் என்றால் நகைப்பவர் உளர். லிந்துலையின் தேயிலைச் சரிவில் நின்றால் கண்ணுக்கெட்டிய வரை பச்சையும் பனியுமே தெரியும். ஆயினும் இங்கே ஓடும் ஆக்ரா ஓயா, கொத்மலை ஓயாவிற் கலந்து, பின்னர் மகாவலியோடு சேர்ந்து, திருகோணமலையருகே கொட்டியாரக் குடாவிற் சென்று விழுகிறது. நம் மலையின் நீர் கடலை அறியும்; நம் மாணவருட் பலர் இன்னும் அறியார். அவர்களுட் சிலரை அழைத்துக்கொண்டு யாழ்ப்பாணத்துத் தீவுகளைப் படகில் வலம் வரவேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை. அதற்கு வகுத்த திட்டத்தையே இங்கு எழுதுகிறேன்.

மேனாட்டார் இத்துறையில் தேர்ந்தவர்கள். கிரேக்க நாட்டிலும் குரோவேஷியக் கரையிலும் பாய்மர உல்லாசக் கலங்களைக் கிழமைக் கணக்கில் வாடகைக்கு விடுகின்றனர். கலஞ் செலுத்தும் சான்றிதழ் உடையவர் தாமே செலுத்தலாம். இல்லாதவர் மாலுமியோடு சேர்த்து அமர்த்திக்கொள்வர். அனுபவம் வாய்ந்தவர் கட்டணத்திற்கு முன்னே காற்றைத்தான் விசாரிப்பர். ஆடி, ஆவணியில் ஏஜியன் கடலில் 'மெல்தெமி' என்னும் வடதிசைக் காற்று கடுமையாக வீசும். வானம் தெளிந்து வெயில் எறிக்கும்போதே கலங்கள் துறையை விட்டு அகலமாட்டாத நாள்கள் அங்கு உண்டு.

நம் கடலுக்கும் அதே விதிதான். வைகாசி முதல் புரட்டாதி வரை சோழகம். ஐப்பசி முதல் தை வரை வாடையும் மழையும். இடைப்பட்ட மாசி, பங்குனியில் கடல் பெரும்பாலும் அடங்கியிருக்கும். ஏப்ரல் விடுமுறையின் தொடக்கத்தை நான் தேர்ந்தது இதனாலேயே. மேலும், அங்கே கடல் ஆழங் குறைந்தது. ஆழமற்ற நீரில் காற்றெழுந்தால் அலைகள் நெருங்கியும் செங்குத்தாகவும் எழும். அடிக்கட்டை ஆழ்ந்த மேனாட்டுக் கலம் மணல் திட்டுக்களில் தட்டும். ஆகவே, அத்திட்டுக்களைக் கண்ணை மூடிக்கொண்டும் சொல்லக்கூடிய உள்ளூர்ப் படகோட்டியே நமக்கு வேண்டும். அம்மண்ணின் மாலுமிகள் இலேசானவர்கள் அல்லர். வல்வெட்டித்துறையிற் கட்டப்பட்ட 'அன்னபூரணி' என்னும் பாய்க்கப்பலை அமெரிக்கர் ஒருவர் வாங்கியபோது, அவ்வூர் மாலுமிகளே அதிற் பணியாற்றி, 1938 ஆகஸ்டில் அமெரிக்காவின் குளொஸ்டர் துறையை அடைந்தனர்.

சப்த தீவுகள் எனப்படும் ஏழனுள் வேலணை, புங்குடுதீவு, காரைநகர் மூன்றும் தரைவழியே இணைக்கப்பட்டுவிட்டன. கடல்வழிக்கு எஞ்சியவை நான்கு. ஊர்காவற்றுறையிற் படகேறி, எழுவைதீவு, அனலைதீவு, நயினாதீவு, நெடுந்தீவு எனத் தெற்கு நோக்கிச் சென்று, புங்குடுதீவின் குறிகட்டுவான் துறையில் இறங்குவதே வழி. நயினாதீவில் நாகபூசணி அம்மன் கோயிலும் நாகவிகாரையும் உள்ளன. மணிமேகலை காப்பியத்து மணிபல்லவம் இத்தீவே என்பாரும் உளர். நெடுந்தீவில் பவளக்கல் மதில்களும், கட்டின்றித் திரியும் குதிரைகளும் உண்டு. மூன்று நாள்கள் போதும். நான்காவது நாளொன்றையும் ஒதுக்கியிருக்கிறேன். அது காற்றுக்குரிய நாள். படகோட்டி 'இன்று வேண்டாம்' என்றால் மறுபேச்சின்றித் தங்கிவிட வேண்டும். குடிநீரும், தலைக்கொரு மிதவை அங்கியும் இன்றிப் படகேறுவதில்லை.

இவ்வளவும் எளிது. அரிதாயிருந்தது பெற்றோரின் சம்மதமே. "கடலேறிப் போனவங்க யாரு சார் திரும்பி வந்தாங்க?" என்று தோட்டத்துப் பெரியவர் ஒருவர் கேட்டார். அவர் பேசியது அலையைப் பற்றி அன்று. நம் முன்னோர் கடல் கடந்து இம்மலைக்கு வந்தனர். அவருட் பலர் பிறந்த ஊரைப் பின்பு காணவில்லை. 1964 ஒக்டோபரில் எழுதப்பட்ட சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்குரியவர் என்று கணக்கிட்டது. இங்கேயே பிறந்து வளர்ந்தோர் தலைமன்னாரிற் கப்பலேறினர். வந்த பயணத்தையும் போன பயணத்தையும் வகுத்தவர் வேறு யாரோ. இரண்டிலும் கடல் பிரிக்கும் கடலாகவே இருந்தது.

நம் பிள்ளைகளுக்கு வேறொரு கடலைக் காட்ட வேண்டாமா? தாமே நாள் குறித்து, தாமே துறை தெரிந்து, கண்டு களித்து வீடு திரும்பும் கடல் ஒன்று உண்டென்று அவர்கள் அறிய வேண்டும். பெற்றோருக்கு அனுப்பும் தாளில், புறப்படும் நாளுக்கு மேலே திரும்பும் நாளை எழுதினேன். பெரியவர் அதை இருமுறை படிக்கச் சொல்லிக் கேட்டார்; பிறகு பேரனின் பெயரைச் சேர்த்துக்கொள்ளச் சொன்னார்.