பத்து நாள் மழை, இருபது நாள் வெயில்... கடலில் நகரும் மேகமும் கணினிக் கணக்கும்!

ஐப்பசி பிறந்ததும் நாலு நாள் கொட்டித் தீர்க்கும். அப்புறம் இரண்டு, மூன்று வாரம் வானம் வெளிறிக் கிடக்கும். கோவில்பட்டி கரிசலில் உளுந்தும் மக்காச்சோளமும் போட்டவர்களுக்கும், ராமநாதபுரத்தில் புழுதி விதைப்பாக நெல்லைத் தூவியவர்களுக்கும் இந்த இடைவெளிதான் எமன். முதல் மழையில் முளைத்த பயிர் அடுத்த மழைக்குள் கருகிவிட்டால் விதை, உழவுக் கூலி அத்தனையும் போச்சு.

இந்த இடைவெளிக்கான காரணங்களில் ஒன்று, நிலநடுக்கோட்டை ஒட்டிய கடலில் நகர்ந்துகொண்டிருக்கிறது. பெயர், மேடன்-ஜூலியன் அலைவு. வானிலை அறிக்கைகளில் ‘எம்.ஜே.ஓ’ என்று சுருக்கமாக வரும். ரோலண்ட் மேடன், பால் ஜூலியன் என்ற அமெரிக்க விஞ்ஞானிகள், பசிபிக் கடலின் நடுவிலுள்ள கேன்டன் தீவில் பல ஆண்டுகளாகப் பதிவான காற்று, அழுத்தக் கணக்குகளை அலசினார்கள். 40 முதல் 50 நாளுக்கு ஒருமுறை அவை கூடிக் குறைவதை 1971-ல் வெளியிட்டார்கள்.

விஷயம் அந்தத் தீவோடு நிற்கவில்லை. ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் அகலமுள்ள மேகக்கூட்டம் இந்தியப் பெருங்கடலில் திரண்டு, இந்தோனேசியத் தீவுகளைக் கடந்து பசிபிக் வரை கிழக்கே போகிறது. வேகம் நொடிக்குச் சுமார் 5 மீட்டர். சைக்கிளை அழுத்தி மிதிக்கும் வேகம்தான். 30 முதல் 60 நாளில் ஒரு சுற்று முடிகிறது.

எங்கோ கடலில் பெய்யும் மழை, ஊர் வானத்தை எப்படி மாற்றும்? நீராவி மழைத்துளியாக மாறும்போது வெப்பத்தை வெளிவிடும். அந்தச் சூட்டில் காற்று மேலெழுந்து, உயரத்தில் பரவி, வேறோர் இடத்தில் கீழே இறங்கும். இறங்கும் இடத்தில் மேகம் திரளாது. இதைக் கணக்காக எழுதிக் காட்டியவர்கள் ஜப்பானின் தரோ மட்சுனோவும் (1966), கேம்பிரிட்ஜில் பணியாற்றிய ஏட்ரியன் கில்லும் (1980). அவர்களுடைய சமன்பாடுகள் தாளில் எழுதிப் போடக்கூடியவை. அதன்படி, சூடான மேகக்கூட்டத்துக்கு மேற்கே, நிலநடுக்கோட்டின் இருபுறமும் ஜோடியாகச் சுழல்கள் உருவாகும். 2022 மே மாதம் வங்கக்கடலில் ‘அசானி’, அதே நாள்களில் கோட்டுக்குத் தெற்கே ‘கரீம்’ என்று இரட்டைப் புயல்கள் சுழன்றதை இதோடு பொருத்திப் பார்க்கலாம்.

இன்றைய கணினி மாதிரிகள் வளிமண்டலத்தைச் சிறு சிறு கட்டங்களாக வெட்டி, ஒவ்வொன்றிலும் காற்று, வெப்பம், ஈரம், அழுத்தத்தைச் சில நிமிட இடைவெளியில் கணக்கிடுகின்றன. குளிர் நாடுகளில் மழை பெரும்பாலும் பெரிய காற்று மண்டலங்களால் வருவதால், அங்கே வேலை கொஞ்சம் சுலபம். வெப்பமண்டலத்தில் மழை தருவது சில கிலோமீட்டரே அகலமுள்ள இடிமேகம். 2025 மே மாதம் அறிமுகமான ‘பாரத் முன்னறிவிப்பு அமைப்பு’ கட்டங்களை 6 கிலோமீட்டராகக் குறைத்திருக்கிறது. அதிலும் ஒற்றை மேகம் முழுசாகப் பிடிபடாது. தோராயமாகத்தான் போட வேண்டும். நான்கு வாரக் கணிப்புக்கான மாதிரியில் கட்டங்கள் இன்னும் அகலம். கணினி பெரிதானால் எல்லாம் சரியாகிவிடும் என்ற பேச்சை நம்ப வேண்டியதில்லை.

அதனால்தான் ஒரே கணக்கைத் தொடக்க நிலையைச் சற்றே மாற்றிப் பல தடவை ஓட்டுகிறார்கள். பெரும்பாலான விடைகள் ஒத்துப்போனால் நம்பிக்கை கூடும். சிதறினால், கணிப்பைப் பார்த்துக் கடன் வாங்கி விதைக்கக் கூடாது.

எம்.ஜே.ஓ-வின் பயணத்தை எட்டுக் கட்டங்களாகப் பிரித்திருக்கிறார்கள். 2, 3 என்றால் இந்தியப் பெருங்கடலில் இருக்கிறது. வடகிழக்குப் பருவத்தில் தமிழகத்துக்கு மழை வாய்ப்பு கூடும். 6, 7 என்றால் பசிபிக்குக்குப் போய்விட்டது, வாய்ப்பு குறையும். இது மட்டுமே மழையைத் தீர்மானிப்பதில்லை. எல் நினோ, லா நினா, இந்தியப் பெருங்கடலின் வெப்பம் எல்லாம் சேர்ந்துதான் பருவத்தின் மொத்த மழையை முடிவுசெய்கின்றன. 2016-ல் தமிழகத்தில் வடகிழக்குப் பருவமழை 62 சதவிகிதம் குறைந்தது.

இந்திய வானிலை ஆய்வு மையம் வியாழக்கிழமைதோறும் நான்கு வாரக் கணிப்பை வெளியிடுகிறது. முதல் இரண்டு வாரத்தை வைத்து விதைப்பு, மேலுரம், களையெடுப்பைத் திட்டமிடலாம். மூன்றாம், நான்காம் வாரத்தைத் திசைகாட்டியாக மட்டும் வைத்துக்கொள்வது நல்லது. மருந்தடிப்பு, அறுவடை போன்ற நாள் பார்த்துச் செய்யும் வேலைகளுக்கு, செவ்வாய், வெள்ளியில் வரும் வேளாண் வானிலை அறிவுரைதான் பொருத்தம். ‘மேகதூத்’ செயலியில் அதைத் தமிழிலேயே படிக்கலாம்.